மழை வெறித்த காலையில்

சென்னையில் பறவை பார்க்கிறவர்களுக்கு அக்டோபரில் ஒரு பழக்கம் வந்துவிடும். படுக்கப் போகும் முன் இரவில் மழை உண்டா என்று பார்ப்பார்கள். நடுவில் விழிப்பு வந்தால், நின்றுவிட்டதா என்று காது கொடுப்பார்கள். ராத்திரி கொட்டி விடிகாலையில் வெறித்துவிட்டால், அன்று வேலைக்குக் கொஞ்சம் பிந்தித்தான் போவார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

எங்கள் பகுதிப் பூங்கா பெரிதொன்றும் இல்லை. அடையாற்றுப் பக்கம், சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள், உள்ளே வட்டமாக ஒரு நடைபாதை, நாலைந்து தூங்குமூஞ்சி மரங்கள், ஓர் அரச மரம், வேலியோரம் புங்கனும் பூவரசும். மற்ற நாட்களில் காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, செம்போத்து, தையல்சிட்டு, கிளி என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மழைக்கு மறுநாள் காலையில் அதே பூங்காவில் பூவரசின் தாழ்ந்த கிளையில் ஒரு பழுப்பு ஈப்பிடிப்பான் உட்கார்ந்திருக்கும். அரச மரத்து உச்சியில் மாங்குயில் ஒன்று இலைக்குள் மஞ்சளாகத் தெரிந்து மறையும். வேலியில் பழுப்புக் கீச்சான் கரகரவென்று கத்தும். மோட்டார் அறைக்குப் பின்னால், யாரும் போகாத சருகுக் குவியலில் ஏதோ ஒன்று தத்தித் தத்தி நடக்கும்.

அந்தக் கடைசிப் பறவைக்காகத்தான் நான் போகிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், ஒரே இரவில் இத்தனை பறவைகள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம்.

வலசை வரும் சிறிய காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் பறக்கின்றன. பகலில் சூடு அதிகம், உடலில் நீர் சீக்கிரம் வற்றும், காற்றும் அலைக்கழிக்கும், வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளின் தொந்தரவும் உண்டு. இரவில் காற்று குளிர்ந்து அடங்கியிருக்கும். பகல் முழுவதையும் இரை தேட வைத்துக்கொள்ளலாம். வானத்து நட்சத்திரங்களும் பூமியின் காந்தப்புலமும் அவற்றுக்குத் திசை சொல்கின்றன. அமெரிக்காவில் ஸ்டீபன் எம்லென் என்ற ஆய்வாளர் 1960களில் பறவைகளைக் கோளரங்கத்துக்குள் வைத்து, செயற்கை வானத்தைச் சுழற்றி, அவை நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை அறிவதைக் காட்டினார். ஆக, நாம் தூங்கும் நேரத்தில் நம் மொட்டைமாடிக்கு மேலே ஒரு போக்குவரத்து நடந்துகொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். சிறிய பறவைகள் கிளம்பும் முன் தின்று கொழுத்துக்கொள்ளும். சில வகைகள் தங்கள் எடையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கிக்கொள்வதும் உண்டு. அந்தக் கொழுப்புதான் வழிச் சோறு.

நம் பூங்காவுக்கு வரும் பச்சைக் கதிர்க்குருவியின் எடை ஏழெட்டு கிராம். ஒரு பத்து ரூபாய் நாணயத்தைக் கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான் கனம். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது இமயமலையிலும் அதற்கு வடக்கே சைபீரியா வரையிலும். பிளித் நாணல் கதிர்க்குருவி பின்லாந்திலிருந்து மத்திய ஆசியா வரை கூடு கட்டுகிறது. குளிர்காலத்துக்கு அது நம்பியிருப்பது பெரும்பாலும் இந்தியாவையும் சுற்றியுள்ள நாடுகளையும்தான். பழுப்புக் கீச்சான் மங்கோலியா, சைபீரியா பக்கம். நடக்கும்போது வாலை மேலும் கீழும் ஆட்டாமல் பக்கவாட்டில் ஆட்டும் கொடிக்கால் வாலாட்டி கிழக்கு ஆசியக் காடுகளைச் சேர்ந்தது. இவையெல்லாம் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை தெற்கு நோக்கி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. சில சென்னையிலேயே தங்கும். சில கோடியக்கரை வரை போகும். சில கடலைத் தாண்டி இலங்கைக்குப் போகும்.

நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் அக்டோபர் 20ஐ ஒட்டி வருகிறது. சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். பறவைகளின் பயணமும் மழையும் ஒரே மாதங்களில் ஒரே வானத்தில் வந்து சேர்கின்றன. மார்ச், ஏப்ரலில் அவை வடக்கே திரும்பும்போது நமக்கு மழையே இருக்காது. அப்போது பல பறவைகள் நம்மைத் தாண்டிச் சத்தமில்லாமல் போய்விடும். நியூயார்க்கில் இது தலைகீழ். அங்கே 843 ஏக்கர் சென்ட்ரல் பார்க்கில் மே மாத மழைக்கு மறுநாள்தான் திருவிழா.

'மழை பறவைகளைக் கூட்டிவந்தது' என்று சொல்வோம். உண்மையில், போய்க்கொண்டிருந்தவற்றை மழை இறக்கிவிட்டது என்பதே சரி. லேசான தூறலில் பறவைகள் பறந்துவிடும். கனமழையில் முடியாது. இறகு நனைந்தால் உடம்பு கனக்கும், சூடு போய்விடும். மேகம் மூடினால் நட்சத்திரம் தெரியாது. எதிர்காற்றும் சேர்ந்துகொண்டால் சேமித்த கொழுப்பு வேகமாகக் கரையும். அந்த நிலையில் கீழே எது கிடைக்கிறதோ அதில் இறங்குவதுதான் வழி. இதைப் பறவை பார்ப்பவர்கள் 'ஃபால் அவுட்' என்கிறார்கள். மெக்சிகோ வளைகுடாவைத் தாண்டி வரும் பறவைகள் புயலில் மாட்டிக்கொண்டு அமெரிக்கக் கரையில் ஒரே தோப்பில் ஆயிரக்கணக்கில் இறங்குவதைத்தான் அந்தச் சொல் முதலில் நினைவூட்டும். சென்னையில் அப்படி மரம் நிறையப் பறவை கொட்டுவதில்லை. நேற்று இல்லாத ஐந்தாறு வகைகள் இன்று இருக்கும். ஓர் ஈப்பிடிப்பான் இருந்த இடத்தில் மூன்று இருக்கும். அந்த அளவில்தான் இதை எதிர்பார்க்க வேண்டும்.

மழையிலும் இரண்டு வகை உண்டு. செப்டம்பர் கடைசியில், அக்டோபர் தொடக்கத்தில் பெய்வது பெரும்பாலும் வெப்பச்சலன மழை. மாலையில் கருத்து, இரவில் இடித்துக் கொட்டி, விடிவதற்குள் போய்விடும். பறவை பார்க்க இதுதான் அருமையான மழை. இரவில் போய்க்கொண்டிருந்தவை இறங்கிவிடும், காலையில் வெயில் வரும், நாமும் நனையாமல் நிற்கலாம். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி வரும் அடைமழை அப்படியல்ல. இரண்டு நாள், மூன்று நாள் விடாமல் பெய்யும். இறங்கிய பறவை கிளம்பவும் முடியாது, பூச்சி எதுவும் பறக்காததால் சரியாகத் தின்னவும் முடியாது. அப்படிப்பட்ட மழை வெறித்த முதல் இரண்டு மணி நேரம் பறவைகள் நம்மைக் கண்டுகொள்ளவே மாட்டா. பத்தடி தூரத்தில் வந்து இரை தேடும். அது பழகிவிட்டதால் அல்ல, பசியால். அந்த நேரத்தில் இன்னும் நெருங்கிப் போய்ப் படம் எடுக்க முயல்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத காரியம். கைபேசியில் அதன் குரலைப் போட்டு வெளியே வரவழைப்பது அதைவிட மோசம். இரவெல்லாம் பறந்து வந்த ஒன்றை, இல்லாத எதிரியோடு சண்டைக்கு இழுக்கிறோம்.

இறங்குவது என்று முடிவான பின் எங்கே இறங்குவது? இங்கேதான் நகரம் குறுக்கே வருகிறது. மேகம் தாழ்ந்திருக்கும் இரவில் நகரத்து வெளிச்சம் மேகத்தில் பட்டுச் சிதறி, வானமே சிவந்து கிடக்கும். இரவில் பறக்கும் பறவைகளை அந்த வெளிச்சம் இழுத்துக் குழப்புகிறது. நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக ஆண்டுதோறும் ஏற்றப்படும் ஒளித்தூண்களை ரேடார் கொண்டு ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. வெவ்வேறு ஆண்டுகளில் ஏழு இரவுகளில் மட்டும் சுமார் 11 லட்சம் பறவைகள் அந்த வெளிச்சத்தால் பாதிக்கப்பட்டன என்றது அது. விளக்கை அணைத்ததும் சில நிமிடங்களில் அவை கலைந்து தம் வழியில் போனதையும் அது பதிவு செய்தது. அந்தக் கடைசிச் செய்தியைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

வெளிச்சத்தில் இழுபட்டு, மழையில் இறங்கி, பொழுது விடியும்போது பறவை கீழே பார்க்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கான்கிரீட், நடுவில் அங்கங்கே பச்சைத் திட்டுகள். தென்சென்னையில் அந்தத் திட்டுகள் கொஞ்சம் பெரிதாகவே மிஞ்சியிருக்கின்றன. 1978இல் தேசியப் பூங்காவான கிண்டி சுமார் 270 ஹெக்டேர். அதை ஒட்டி ஆளுநர் மாளிகையும், 1959இல் தொடங்கிய ஐஐடி வளாகமும். கிழக்கே கடலையும் ஆற்று முகத்துவாரத்தையும் ஒட்டி, ஆலமரத்துக்குப் பேர்போன பிரம்மஞான சபைத் தோட்டம். ஆற்றுக்கு வடக்கே, குப்பையும் இடிபாடும் கொட்டிக் கிடந்த கழிமுகத்தை மீட்டு உருவாக்கி 2011இல் திறந்த 58 ஏக்கர் அடையாறு பூங்கா, அதாவது தொல்காப்பியப் பூங்கா. எங்கள் பூங்கா போன்ற சின்னஞ்சிறு பூங்காக்கள் இவற்றுக்கு நடுவே சிந்திய துளிகள். வேறு எங்கும் இடமில்லாததால்தான் பறவைகள் இங்கே கூடித் தெரிகின்றன. காட்டில் இதே மழையில் இதே அளவு பறவை இறங்கியிருந்தால் பரவிப் போயிருக்கும், நம் கண்ணில் பட்டிருக்காது. மழைக்கு மறுநாள் பூங்காவில் நமக்குக் கிடைக்கும் சந்தோஷத்தில் பாதி, பறவைகளின் இட நெருக்கடியிலிருந்து வருகிறது. இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

சரி, இறங்கியாயிற்று. இனி சாப்பாடு. இறக்கிவிட்ட மழையேதான் பந்தியும் போடுகிறது.

முதலில் ஈசல். மண் நனைந்ததும் கரையான் புற்றிலிருந்து சிறகு முளைத்த ஈசல்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறும். கரிச்சான், நீலவால் பஞ்சுருட்டான், தகைவிலான், மைனா, காக்கை, சில சமயம் பருந்துகூட அதே காற்றில் சுற்றும். வெண்ணெய் போலக் கொழுப்பும் புரதமும் நிறைந்த இரை அது. வழிச் சோறு தீர்ந்த பயணிக்கு அதைவிட என்ன வேண்டும்? தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும் என்பார்கள். அந்தத் தட்டான் கூட்டத்தையும் மழைக்கு முன்னும் பின்னும் பஞ்சுருட்டான்கள் விடாமல் துரத்தும்.

அடுத்தது இலைகள். முதல் மழைக்குப் பிறகு துளிர் விடும் மரங்களில் புழுவும் பேனும் பெருகும். கதிர்க்குருவிகள் இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கித் தேடுவது இவற்றைத்தான். மாம்பழச்சிட்டு, தையல்சிட்டு மாதிரி உள்ளூர்ப் பறவைகள் கூட்டமாக இரை தேடிப் போகும்போது வந்தவையும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். எங்கே இரை, எங்கே பூனை என்பது உள்ளூர்க்காரர்களுக்குத்தானே தெரியும்? அதனால் தையல்சிட்டு விடாமல் கத்தும் மரத்தடியில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அநேகமாகப் புதிதாக ஏதாவது தென்படும். பொழுது விடிந்ததும் ஓடவும் வேண்டாம். கிழக்கு வெயில் மர உச்சியில் விழும்வரை காத்திருந்து, வெயிலை முதுகுக்கு வைத்து அந்த உச்சியைப் பாருங்கள். நனைந்த பறவை சிறகு உலர்த்த அங்கேதான் வரும். சூடேறிப் பூச்சிகள் முதலில் அசைவதும் அங்கேதான்.

மூன்றாவது, சருகு. இனி அந்த மோட்டார் அறைப் பறவை.

ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் வந்த பெயர். இந்தியில் அதற்கு நவரங் என்று பெயர், ஒன்பது நிறம். பச்சை முதுகு, மஞ்சளாடிய வெளிர்பழுப்பு மார்பு, கண்ணோரம் கறுப்புப் பட்டை, தோளில் பளீரென்ற நீலம், வாலடியில் குங்குமச் சிவப்பு. மைனாவைவிடச் சிறியது, வால் வெட்டிவிட்டதுபோல் குட்டை. இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டி, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இத்தனை நிறம் இருந்தும் நிழலில் நின்றால் கண்ணுக்குத் தெரியாது. சருகைப் புரட்டும் சத்தம்தான் காட்டிக்கொடுக்கும். ஒரு இலையை அலகால் தூக்கி வீசும், இரண்டு தத்து தத்தும், நிற்கும், மறுபடி ஒரு இலை. ஈரச் சருகுக்கு அடியில் மண்புழு, வண்டுப் புழு, கரையான், பூரான் எல்லாம் மேலே வந்திருக்கும். காய்ந்து இறுகிய மண்ணில் இதில் ஒன்றும் கிடைக்காது.

அக்டோபரில் சென்னையில் யாராவது ஒருவர் 'பல கலர்ல ஒரு குருவி வீட்டுக்குள்ள வந்துடுச்சு' என்று பதறிக் கேட்காமல் இருக்க மாட்டார்கள். அநேகமாக அது ஆறுமணிக்குருவிதான். விடிவதற்கு முன் களைத்து இறங்கும், வெளிச்சம் வந்ததும் காக்கைகள் துரத்தும், தாழ்வான இருட்டு மூலையாகத் தேடி ஓடும். நம் ஊரில் அப்படிப்பட்ட மூலை என்றால் கார் நிறுத்துமிடம், பால்கனி, குளியலறை. சில சமயம் மரம் தெரியும் கண்ணாடியில் மோதி விழும். எங்கள் குடியிருப்பில் மாடிப்படிக்கு அடியில் ஒரு முறை அப்படி ஒன்று கிடந்தது. பக்கத்து வீட்டம்மா கிண்ணத்தில் சோறும் தண்ணீரும் கொண்டுவந்து நின்றார். 'வாயத் தொறக்கவே மாட்டேங்குதுப்பா' என்றார் கவலையோடு. வாயில் எதையும் ஊற்ற வேண்டாம் அம்மா, துளை போட்ட அட்டைப் பெட்டியில், இருட்டில், சத்தமில்லாமல் வைத்தால் போதும் என்றேன். மாலையில் பூங்காவின் புதர்ப் பக்கம் பெட்டியைத் திறந்தோம். ஒரு நிமிடம் அசையாமல் நின்றது, பிறகு சருகுக்குள் தத்திப் போய்விட்டது. சிறகு ஒடிந்திருந்தால் மட்டும் வனத்துறைக்கோ பறவை மருத்துவம் தெரிந்தவர்களுக்கோ சொல்ல வேண்டும். அழகாக இருக்கிறதே என்று வீட்டிலேயே வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஆறுமணிக்குருவி, கொடிக்கால் வாலாட்டி, செந்தலைப் பூங்குருவி ஆகிய மூன்றும் தரையில் நிழலில் சருகு புரட்டி வாழ்பவை. ஒரு நகரப் பூங்காவில் மழைக்கு மறுநாள் இவை தங்குமா, இல்லை இறங்கிப் பார்த்துவிட்டுப் பட்டினியோடு கிளம்புமா என்பதைத் தீர்மானிப்பது மரங்களின் எண்ணிக்கையைவிட மரத்தடியின் நிலைமைதான். இது பல பூங்காக்களைப் பார்த்து எனக்கு உறுதிப்பட்ட விஷயம். நம்மிடம் பூங்கா நன்றாக இருக்கிறது என்றால் சுத்தமாகப் பெருக்கியிருக்கிறது என்று பொருள். விழுந்த இலையை அன்றன்றே வாரிக் கொளுத்துகிறோம், புதரை வெட்டிப் புல் விரிக்கிறோம், தரையில் கல் பதிக்கிறோம். மழை விட்டதும் கொசுவுக்காகப் புகை அடிக்கிறோம். அந்தப் புகைக்குக் கொசு எது, மற்ற பூச்சி எது என்று தெரியாது. கொசு ஒழிய வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, டெங்கு வந்த வீட்டில் நானும் இருந்திருக்கிறேன். ஆனால் பூங்காவின் ஒரு மூலையை, வெறும் இருபதடிக்கு இருபதடியை, பெருக்காமல் விட்டுவிடலாம். அங்கே தேங்கிய தண்ணீர் இல்லாமல் பார்த்துக்கொண்டாலே போதும். எங்கள் பூங்காவில் மோட்டார் அறைக்குப் பின்னால் அப்படி ஒரு மூலை இருப்பது யாரும் திட்டமிட்டதல்ல. துடைப்பம் அங்கே எட்டவில்லை.

பார்த்ததை எழுதி வைப்பது இன்னொரு வேலை. எழுதும்போது மழையையும் சேர்த்து எழுத வேண்டும்: இரவு எப்போது பெய்தது, எப்போது விட்டது, காற்று எந்தப் பக்கம். எதுவும் தென்படாத காலையையும் விடாமல் எழுத வேண்டும். இப்படி நாடு முழுவதும் பறவை பார்ப்பவர்கள் இபேர்ட் என்ற இணையதளத்தில் ஏற்றிய மூன்று கோடிப் பதிவுகளை வைத்துத்தான் 2023இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 வகைகளை மதிப்பிட்டது. நெடுந்தொலைவு வலசை வரும் பறவைகள் இங்கேயே வாழ்பவற்றைவிட அதிகமாகக் குறைந்து வருகின்றன என்று அது சொன்னது. சென்னையில் 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி மாதிரி அமைப்புகளோடு சேர்ந்து நடந்தால் கண்ணும் காதும் சீக்கிரம் பழகும். 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மழைக்காலத்தில் இறங்கியவற்றில் எவை நம் ஊரிலேயே தங்கிவிட்டன என்று அப்போது தெரிந்துகொள்ளலாம்.

ஏனென்றால் பல தங்குவதில்லை. மழைக்கு மறுநாள் முழுக்க வெயில் அடித்து, மாலையில் வானம் கழுவிவிட்டதுபோல் ஆகி, வடக்கிலிருந்து காற்றும் வீசினால், அன்றிரவே கிளம்பிவிடும். போன அக்டோபரில் அப்படி ஒரு மாலை. நடைப்பயிற்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள், பிள்ளைகள் ஊஞ்சலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மோட்டார் அறைப் பக்கமிருந்து இரட்டைச் சீழ்க்கை வந்தது. மணி பார்த்தேன், ஆறு அடிக்க ஐந்து நிமிடம். இன்னும் இரண்டு முறை கேட்டது, பிறகு இருட்டிவிட்டது. அன்று இரவு மழை இல்லை. காலையில் போய்ப் பார்த்தபோது ஈரப் பக்கம் மேலே தெரியப் புரட்டிப் போட்ட இலைகள் மட்டும் அந்த மூலையில் கிடந்தன.